பொங்காத கல்

அரை எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் வந்தவள் தையற்காரம்மா.

காலை வேலை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. முற்றத்துக் கொட்டகையில் பாலிஷ் அக்கா ஒரு கறுப்புக் கிரானைட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஈரத்துணி. முழங்கை வரை ரப்பர் உறை. மெஷின் பீச்சிய தண்ணீர் கல்தூளைக் கரைத்து அவள் காலைச் சுற்றி ஓடி, சாக்கடை வாயில் சாம்பல் கூழாகத் தேங்கியது. சொரசொரப்பு போய் ஓரம் மெல்லப் பளபளக்கத் தொடங்கும் நேரம். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவளுக்குப் பிடிக்காது.

தையற்காரம்மா கூப்பிடவில்லை. நேராக வந்து மெஷினுக்கு முன்னால் பழத்தை நீட்டினாள்.

"நிறுத்தும்மா. இதப் பாரு."

"எலுமிச்சம்பழம். ஜூஸ் போடணுமா?"

"சிரிக்காத. உன் வீட்டுக்காரர் எங்க ஹால்ல வெள்ளைக் கல்லு போட்டுக் குடுத்தாரே, மார்பிள் மார்பிள்னு அடிச்சு சொன்னாரே, அதுல இதப் பிழிஞ்சேன். பொங்குது."

"பொங்கட்டும்."

"பொங்கட்டுமா? பால் பொங்கும், சோறு பொங்கும். கல்லு பொங்குமா? உன் பொண்ணுதானே நேத்து நூலகத்துல சொன்னா, பொங்குதான்னு பாருங்கன்னு? பாத்துட்டேன். நல்லா என் தலையில கட்டிட்டீங்க."

பாலிஷ் அக்கா மெஷினை அணைத்து, முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"அது மார்பிளோட குணம்மா. புளிப்பு பட்டா அப்படித்தான். அதுக்குத்தான் போடும்போதே சொன்னோம், பழம் கிழம் சிந்தாதீங்கன்னு."

"நீ சொல்லுவ. விக்கிறவ நீ. நடு ஹால்ல இப்ப ரூபாக் காசு அகலத்துக்கு மங்கிப்போய்க் கிடக்கு."

"நடு ஹால்லயா பிழிஞ்சீங்க? ஓரமா கண்ணுக்குத் தெரியாத இடத்துலன்னு அவ சொன்னாளே!"

"அவ சொன்னது எனக்கு எங்க கேட்டுச்சு? அவ பேசுறது அவளுக்கே கேக்குதோ என்னவோ."

பாலிஷ் அக்கா வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். திரைச்சீலைக்குக் கீழே மகளின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவள் பார்த்ததும் அவை உள்ளே போய்விட்டன.

மகளுக்குத் தெருவில் ஊமைக்கோட்டான் என்று பெயர். பேச மாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதால் வந்த பெயர். பள்ளிப் படிப்பு முடிந்ததும், கல் கடை வைத்திருந்த அப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. பெண் கணக்குப்பதிவு படிப்பாள், கடையில் உட்காருவாள், வருகிற போகிற ஆளுக்குப் பில் போடுவாள். அவளோ ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் ஜியாலஜி படிக்கிறேன்" என்றாள். வெளியூர்க் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது.

"அப்படின்னா?" என்றார் கடைக்காரர்.

"நிலவியல். கல்லு, மண்ணு, மலை எல்லாம் எப்படி ஆச்சுன்னு படிக்கிறது."

"பொறந்ததுல இருந்து கல்லுக்குள்ளதானே கிடக்கிற? இன்னும் என்ன பாக்கி?"

பாலிஷ் அக்காவுக்கு வேறு சந்தேகம். இப்படி ஒரு படிப்பை ஒரு பெண் தானாகக் கேட்பாளா? இதைப் படிக்கிற பையன் யாரோ இருக்கிறான். மகள் குளிக்கப் போன நேரத்தில் அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு லென்ஸ், ஒரு ஆணி, நாலைந்து கல் சில்லுகள். படம் இல்லை, பெயர் இல்லை. சில்லுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். யார் கொடுத்தது என்று கல்லில் எழுதியா இருக்கும்? அன்று மாலையே கேட்டுவிட்டாள்.

"உண்மையச் சொல்லு. யாரு அவன்?"

"எவன்?"

"இந்தக் கல்லுப் படிப்பு படிக்கிறவன்."

மகள் முற்றத்தில் சாய்த்து வைத்திருந்த கல் ஸ்லாப்புகளைக் காட்டினாள்.

"ம்மா, இங்க நிக்கிற ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊர்ல இருந்து வந்திருக்கு. ஒண்ணு கடலுக்கு அடியில இருந்தது. ஒண்ணு நெருப்புக் குழம்பா இருந்தது. வர்றவங்க தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு விலைய மட்டும் கேட்டுட்டுப் போறாங்க. ஒருத்தராவது இது எப்படி ஆச்சுன்னு கேட்டிருக்காங்களா?"

மகள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பையன் யாரும் இல்லை என்பதை அதன்பிறகும் அவள் பாதிதான் நம்பினாள்.

கடைக்காரர் மறுக்கவில்லை. மறுக்காமல் மடக்கினார். "நாலு பேர் முன்னாடி வாயத் திறக்க முடியுமா உன்னால? இந்தக் கல்லுக்கதைய நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு தடவ சொல்லிக் காட்டு. நானே பஸ் ஏத்தி விடறேன்."

அவள் சாகும்வரை அதைச் செய்ய மாட்டாள் என்று அவருக்கு உறுதி. மறுநாளே மகள் நூலகரிடம் போய் மாடி அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தக் கூட்டத்துக்கு இருபது பேர் வந்திருப்பார்கள். வெயிலுக்கு ஒதுங்கியவர்களும் அதில் அடக்கம். பாலிஷ் அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் வரிசையில் பேக்கரிக்காரர், சட்டையில் மாவோடு, கையைக் கட்டிக்கொண்டு. மகள் மேசைமேல் மூன்று கற்களையும், வினிகர் நிரப்பிய பழைய கண்மருந்து பாட்டிலையும், ஆணியையும் வைத்தாள். அவள் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. ஆனால் கை பேசியது. ஆணியால் கல்லைக் கீறினாள், சொட்டு விட்டாள், லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். எப்போதோ சிப்பிகளும் கிளிஞ்சல்களும் கடலடியில் படிந்து, புதைந்து, அழுந்தி, வெந்து மார்பிள் ஆனதைச் சொன்னாள்.

"அப்ப எங்க ஹாலு கடலோட தரையா?" என்று தையற்காரம்மா கேட்டாள். "அதான் வீட்டுக்காரர் எப்பவும் மல்லாந்தே மிதக்கிறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

"சுண்ணாம்புச் சத்து உள்ள கல்லு பொங்கும். கிரானைட் பொங்காது" என்றாள் மகள்.

நடு வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "பொங்குனா நல்லதா, கெட்டதா?"

மகள் வாயைத் திறந்தாள். முதல் வரிசையைப் பார்த்தாள். தண்ணீர் எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். "அடுத்த கல்லப் பாக்கலாம்" என்றாள்.

பயத்தில் மறந்துவிட்டாள் என்றுதான் பாலிஷ் அக்கா அன்று நினைத்தாள்.

தையற்காரம்மா வந்துபோன மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் கூட்டமே வந்தது. மளிகைக்கடையில் வினிகர் தீர்ந்துபோனது. தெருவில் யார் யார் வீட்டுக்குப் போனாலும் கண் தரைக்குப் போயிற்று. உட்காரச் சொன்னால் உட்காராமல், காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்கள். மங்கிய இடத்தின்மேல் சிலர் பாயைப் போட்டு மறைத்தார்கள். பாயைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கறுப்புக் கிரானைட் போட்டிருந்தவர்கள் பொங்கவில்லை பொங்கவில்லை என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டு போனார்கள். பல் டாக்டர் தன் கிளினிக்குக்குச் சொல்லிவைத்திருந்த வெள்ளை ஸ்லாப்புகளை, "கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்றேனே" என்று நிறுத்தி வைத்தார்.

பாலிஷ் அக்கா ஒவ்வொருவருக்கும் விளக்கினாள். விளக்க விளக்க அவர்கள் கண்ணில் சந்தேகம் கூடியது. இத்தனை விளக்குகிறாள் என்றால் ஏதோ இருக்கிறது.

அவளை உறுத்தியது கணவரின் போக்கு. லாரியில் வரும்போது ஸ்லாப்பில் ஒரு கீறல் விழுந்தால்கூட டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்குகிற மனுஷன், இப்போது ஊரே வந்து கத்தும்போது "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்கிறார். விற்றது அசல் மார்பிள். பொங்கினால்தான் மார்பிள் என்று ஒரே ஒரு தடவை உரக்கச் சொன்னால் போதும். சொல்லவில்லை. யாராவது வருகிற சத்தம் கேட்டாலே அளவு எடுக்கப் போவதுபோல டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்லாப்புகளுக்குப் பின்னால் போய்விடுகிறார்.

அந்த வாரம் சிரித்த முகத்தோடு வந்தது பேக்கரிக்காரர் ஒருவர்தான். காகிதப் பையில் சூடான ரொட்டி. கொட்டகை முழுக்க மணந்தது.

"அக்கா, நம்மளது பொங்கல!"

"எது?"

"மாவு பிசையிற மேசை. ஒரு பாட்டில் வினிகர கவுத்துட்டேன். அப்படியே தண்ணி மாதிரி நிக்குது. அசல் கல்லுன்னா அதுதான்க்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "மத்தவங்களுக்கு என்ன நடந்திருக்குன்னு எனக்குத் தெரியும். சோடா உப்பு."

"சோடா உப்பா?"

"கேக்குக்கு நாங்க போடறோமே, அது. அதுல வினிகர் விட்டா புஸ்ஸுனு பொங்கும். இருபது வருஷமா நான் பாக்கிற பொங்கல் அது. அதே பொங்கல்தான் தையற்காரம்மா வீட்டுத் தரையிலயும். குனிஞ்சு பாத்தேன். எவனோ சோடா உப்பக் கலந்து கல்லு மாதிரி அச்சுல ஊத்தி உங்களுக்கு அனுப்பிட்டான். பாவம், உங்களுக்கே தெரியல. எல்லார்கிட்டயும் எடுத்துச் சொன்னேன், அவங்க மேல கோவப்படாதீங்க, மேல இருந்து வந்த மோசடின்னு."

போலிக் கல் என்று தெருவில் கிளம்பிய பேச்சுக்கு ஊற்று எது என்று பாலிஷ் அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் வாயைத் திறக்குமுன் கடைக்காரர் உள்ளேயிருந்து வந்தார். பேக்கரிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கடைக்காரரே, எனக்கு மட்டும் நல்லது பாத்துக் குடுத்திருக்கீங்க. மறக்க மாட்டேன். ஒரே ஒரு குறை. சூட்டு டிரேய வச்ச இடத்துல மஞ்சளா ஒரு வட்டம் விழுந்திருக்கு. கல்லு மஞ்சளாகுமா?"

"பழசாகுதுல்ல" என்றார் கடைக்காரர். கேள்வி முடியுமுன் பதில் வந்தது. "டீ குடிக்கிறீங்களா?"

"அடுப்புல ரொட்டி கிடக்கு, வரேன்."

அவர் போன பிறகும் பாலிஷ் அக்கா மெஷினைப் போடவில்லை. கல் மஞ்சளாகாது. இருபது வருஷத்தில் எத்தனை அடுப்படி மேடை பார்த்திருக்கிறாள். சூட்டில் விரிசல் விடும், மஞ்சளாகாது. அந்த மேசையின் ஓரத்தைத் தேய்த்தவள் அவள்தான். நன்றாக நினைவிருந்தது. மார்பிள் லோடு வராமல் தாமதமான சமயம். புது இடத்தில் பேக்கரி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று அவர் தினமும் வந்து நின்றார். ஒருநாள் காலையில் கொட்டகையில் ஒரு வெள்ளை ஸ்லாப் கிடந்தது. தேய்க்கும்போது ஈரத்துணியையும் மீறி, பிளாஸ்டிக் குடத்தைக் கொளுத்தினமாதிரி ஒரு வாடை வந்தது. மெஷின் ஒயர் காய்கிறது என்று நினைத்தாள். ஒயரைத் தொட்டும் பார்த்தாள். அது குளிர்ந்திருந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

மதியம் மின்சாரம் போனது. காற்று அசையவில்லை. கல்தூள் காய்ந்து முற்றம் முழுக்க வெளிறிக் கிடந்தது. மூன்று பேரும் கொட்டகை நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், தட்டின் நடுவில் பேக்கரிக்காரரின் ரொட்டி. அதை யாரும் தொடவில்லை.

"ஏங்க, ரொட்டி ஆறுது."

"எனக்குப் பசியில்ல."

"உங்களுக்குப் பசியில்லயா, இல்ல அந்த ரொட்டி உள்ள இறங்கலயா?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மேசை என்ன கல்லு?" என்றாள் அவள்.

"வெள்ளைக் கல்லு."

"அது எனக்குத் தெரியும். குருடி இல்ல நான்."

"கல்லுதான். கல்லுத்தூளு. பசை போட்டு இறுக்கி அச்சுல செய்றது. இப்ப ஊர் ஊரா அதுதான் போகுது. கறை பிடிக்காது, புளிப்பு தாங்கும். மாவு பிசையிறதுக்கு மார்பிள விட நல்லது."

"நல்லதுன்னா அதச் சொல்லியே குடுத்திருக்கலாமே. எதுக்கு மார்பிள்னு சொல்லிக் குடுத்தீங்க?"

"அந்தாள் மார்பிள் மார்பிள்னு என் உயிர வாங்குனான். லோடு வரல. ஒரே ஒரு தடவ. ஒரே ஒரு ஸ்லாப்."

"அந்த ஒண்ணுக்காக மத்த எல்லாத்தையும் போலின்னு பேச விட்டுட்டு நிக்கிறீங்க. இவள மறுபடியும் பேசச் சொல்லுவோம். பொங்குனாதான் அசல்னு இவ வாயால சொல்லட்டும். நம்ம சொன்னா நம்ப மாட்டாங்க."

"சொல்லட்டும். சொன்ன உடனே அந்தாள் என்ன கேப்பான்? அப்ப பொங்காத என்னோடது என்னன்னு கேப்பான். அப்புறம் இந்த ஊர்ல நான் அம்மிக்கல்லு கூட விக்க முடியாது." மகள் பக்கம் திரும்பினார். "எல்லாம் இவ மறந்ததால வந்த வினை. அன்னைக்கே நல்லதா கெட்டதான்னு கேட்டாங்கல்ல?"

"மறக்கல" என்றாள் மகள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வெங்காயத்தின் தோலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் அந்த மேசையப் பாப்பேன். லென்ஸ் வச்சும் பாத்தேன். மார்பிள்ல மணியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கும். அதுல தனித்தனியா, பசைக்குள்ள மிதக்குது. நடுவுல குட்டிக் குட்டிக் காத்துக் குமிழி." தோலைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "அவரு அன்னைக்கு முதல் வரிசையில உக்காந்திருந்தாரு. பொங்குனா நல்லதுன்னு சொன்னா வீட்டுக்குப் போய்ப் பாப்பாருன்னு தெரியும். அதனால சொல்லல."

பாலிஷ் அக்காவுக்கு மகளைப் பார்க்கவே புதிதாக இருந்தது. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு, இந்தத் தட்டில் சாப்பிட்டு, அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து. ஊமைக்கோட்டான் என்று தெரு சும்மா வைக்கவில்லை. இன்னும் என்னென்ன தெரியும் இவளுக்கு?

"ஒரு வரிய முழுங்கினேன்பா. ஊரே தப்பாப் புரிஞ்சுக்கிச்சு" என்றாள் மகள். "அத சொல்ல முடியாதுன்னா நான் அந்தப் படிப்பு படிக்கிறதுல அர்த்தமில்ல. கணக்குப்பதிவே படிக்கிறேன். இங்கயே இருக்கேன்."

மிரட்டலாக இருந்திருந்தால் கடைக்காரர் கத்தியிருப்பார். அவள் கணக்குப் போட்டு விடை சொல்வதுபோலச் சொன்னாள். அவர் ஆசைப்பட்டது அதுதான். கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்காரர்கள் தாங்களாகவே வந்துவிட்டார்கள். தையற்காரம்மா முன்னால், பல் டாக்டர் கொஞ்சம் தள்ளி, பின்னால் பாய் போட்டு மறைத்தவர்கள். பேக்கரிக்காரரும் வந்திருந்தார், சமாதானம் பேச. முற்றத்தில் இரவு தூறிய ஈரம். செருப்பில் எல்லாம் கல்தூள் சேறு ஒட்டியது.

"பொண்ணக் கூப்பிடுங்க" என்றாள் தையற்காரம்மா. "பொங்க வச்சவளே வந்து பதில் சொல்லட்டும்."

"அவளுக்கு உடம்பு சரியில்ல" என்றார் கடைக்காரர்.

மகள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் கண்மருந்து பாட்டில். தையற்காரம்மா வீட்டுக்குப் போட்ட அதே ரகத்தில் ஒரு துண்டை எடுத்து, ஆணியால் கீறி, ஒரு சொட்டு விட்டாள். வெள்ளைப் பொடிமேல் நுரை பூத்தது.

"பாத்தீங்களா! சோடா!" என்றார் பேக்கரிக்காரர்.

"சோடா உப்புக்குள்ள இருக்கிற அதே காத்துதாண்ணா இதுக்குள்ளயும் இருக்கு. நீங்க சொன்னது பாதி சரி" என்றாள் மகள். "ஆனா யாரும் கலக்கல. அந்தச் சிப்பியில இருந்தே இருக்கு. மார்பிள்னா பொங்கணும். பொங்குனா அது உண்மையான மார்பிள். உங்க வீட்டுக் கல்லெல்லாம் நல்ல கல்லு."

"என்ன சொன்னா? கேக்கல!" என்றது பின்வரிசை.

"நல்ல கல்லாம்!"

"நல்லதாமா?"

சிலர் முகம் மலர்ந்தது. சிலர் முகத்தில் புதிய சந்தேகம். பேக்கரிக்காரர் மட்டும் அசையாமல் நின்றார். பிறகு கேட்டார்.

"அப்ப பொங்காதது?"

மகள் வாயைத் திறந்த அந்தக் கணத்தில் கட்டிங் மெஷின் உறுமியது. கடைக்காரர் அதன் அருகில் நின்றார். வட்டக்கத்தி தண்ணீரை வாரி இறைத்துச் சுற்றியது. முன்வரிசை பின்வாங்கியது. மகளின் உதடு அசைவது தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. பேக்கரிக்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

பாலிஷ் அக்கா கத்தியின் கீழே பார்த்தாள். வெட்டுவதற்குக் கல் எதுவும் வைத்திருக்கவில்லை. மெஷின் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வேலையில் கவனமாக இருப்பவர்போலக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவரோரமாக நடந்தாள். மெயின் சுவிட்சின் கைப்பிடி ஈரமாக இருந்தது. புடவை முந்தானையைச் சுற்றிப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

கத்தி உடனே நிற்கவில்லை. சத்தம் மெல்ல மெல்ல இறங்க, அதன் அடியிலிருந்து மகளின் குரல் மேலே வந்தது. அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"...கிரானைட்டும் பொங்காது. ஆனா உங்க மேசை கிரானைட் இல்லண்ணா. மார்பிளும் இல்ல. கல்லுத்தூளும் பசையும் சேர்த்து அச்சுல செஞ்சது. மஞ்ச வட்டம் அந்தப் பசை கருகினது. எங்க கடையிலதான் குடுத்தோம். மார்பிள்னு சொல்லிக் குடுத்தோம்."

கத்தி கடைசியாக ஒரு சுற்று சுற்றி நின்றது.

பேக்கரிக்காரர் சட்டையில் இல்லாத மாவைத் தட்டினார். "ரொட்டி குடுத்தேனே" என்றார் கடைக்காரரிடம். அவ்வளவுதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

தையற்காரம்மா தொண்டையைச் செருமினாள். "சரி, எங்க அடுப்படியில கறுப்புக் கல்லு ஒண்ணு போட்டீங்களே. அதுக்கு என்ன ஊத்திப் பாக்கணும்?"

அதன்பிறகு அந்த வாரம் முழுக்க மகள் வீடு வீடாகப் போனாள். கூப்பிட்டவர்கள் எல்லாரும் அவளை நம்பிக் கூப்பிடவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலை வாங்கி முகர்ந்தார்கள். தங்கள் வீட்டு வினிகரைக் கொடுத்து அதையும் விடச் சொன்னார்கள். ஒரு வீட்டில், அப்பாவைக் காட்டிக் கொடுத்தவள் என்று தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் அதற்காகவே பலகாரம் கொடுத்தார்கள். அவள் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி, ஓரமாகக் கீறி, ஒரு சொட்டு விட்டு, துடைத்துவிட்டு வந்தாள். பாலிஷ் அக்கா கூடவே போய் மங்கின இடங்களைத் தேய்த்துக் கொடுத்தாள். பல் டாக்டர் மறுபடி வந்தார். ஒவ்வொரு ஸ்லாப்பையும் மகள் சோதித்துச் சொன்னால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கடைக்காரர் மகளோடு பேசவில்லை. கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியது. அவள் பெட்டியை எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவர் தினமும் கொட்டகையில் ஒரு வெள்ளை ஸ்லாப்பை அளந்தார், கோடு போட்டார், அழித்தார், மறுபடி அளந்தார். வைத்திருந்ததிலேயே நல்லது அது. ஒருநாள் வெட்டினார். ஓரம் தேய்க்கச் சொல்லி மனைவியிடம் தள்ளினார். பேக்கரி மேசையின் அளவு.

மூன்று பேரும் அதைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, சாக்கு சுற்றி, தெருவழியே தள்ளிக்கொண்டு போனார்கள். தெரு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தது. பேக்கரிக்காரர் பழைய மேசைமேல் ஒன்றும் இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். வணக்கம் சொல்லவில்லை.

"வைக்கிறதுக்கு முன்னாடி பாக்கணும்" என்றார்.

மகள் அடிப்பக்கத்தில் கீறி ஒரு சொட்டு விட்டாள். பொங்கியது.

"இன்னொரு இடத்துல."

பொங்கியது.

பேக்கரிக்காரர் குனிந்து, காதை அதன் அருகில் வைத்துக் கேட்டார். விரலால் நுரையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாட்டில இங்க வச்சுட்டுப் போ" என்றார்.

அவள் வைத்துவிட்டாள்.

திரும்பும்போது வண்டியில் பழைய ஸ்லாப். தள்ள லேசாகவே இருந்தது, ஆனால் சக்கரம் கத்தியது. பேக்கரி அடுப்பின் சூடும் ரொட்டி வாசனையும் திருப்பம்வரை கூட வந்தன. பாலிஷ் அக்கா கணவரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். அதில் கோபம் இருக்கிறதா வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"காலேஜ் என்னைக்குத் திறக்குது?" என்றார் அவர், வண்டியைப் பார்த்து.

மகள் நடையை நிறுத்தினாள். "திங்கக்கிழமை."

"கிளம்பு. சொன்னா சொன்னதுதான். பஸ் ஏத்தி விடறேன்."

"ப்பா..."

"உன்ன இங்க வச்சுக்கிட்டு என்னால யாவாரம் பண்ண முடியாது. காலையில எந்திரிச்சா என் கல்ல ஒவ்வொண்ணா உத்துப் பாத்துக்கிட்டு நிப்ப. போய் மலையப் பாரு. அதுங்க யாருக்கும் பில் போட்டதில்ல."

மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. இரண்டையும் மறைக்க வண்டியின் பின்பக்கம் போய்த் தள்ளினாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"லீவுக்கு வரலாம்ல?"

"வா. யாரு வேணாம்னா?" கடைக்காரர் வண்டியை ஒரு பள்ளத்திலிருந்து ஒதுக்கினார். "வரும்போது மட்டும் ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டு வா."

சக்கரம் கத்திக்கொண்டே வந்தது. பாலிஷ் அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கையாகச் சொன்னாரா, கல்லை ஒதுக்கி வைக்க அவகாசம் கேட்டாரா என்று அவள் இரண்டு முறை யோசித்தாள். பிறகு கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து, மகளின் பக்கம் சாய்ந்து, அவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"நீ சொல்லாமயே வா."